கேஸுக்கு வெளியே ஒரு ஸ்லாட்: கேபிளில் என்னென்ன போக வேண்டும்?

மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் செருகும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில், பக்கத்துக்கு 82 வீதம் 164 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றில் தரவு போவது 64இல் மட்டும்தான்: லேன் எனப்படும் தரவுப் பாதைகள் 16, ஒவ்வொரு லேனுக்கும் அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி. மிச்சமுள்ள 100இல் பெரும்பகுதி கிரவுண்டு. அதற்கடுத்து 12 வோல்ட், 3.3 வோல்ட் முனைகள். கடைசியாகச் சில சில்லறைக் கம்பிகள்: கிளாக், ரீசெட், கார்டு செருகியிருப்பதைச் சொல்லும் முனை, தூங்கும் கணினியை எழுப்பும் முனை.

ஸ்லாட்டை கேஸுக்கு வெளியே நீட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் அந்த 64ஐப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். எத்தனை லேன், எந்தத் தலைமுறை, விநாடிக்கு எவ்வளவு வேகம் என்றுதான் கேள்வி வருகிறது. வேலை செய்ய மறுக்கும் அமைப்புகளில் கோளாறு பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கும்: சில்லறைக் கம்பிகளில், மின்சாரம் வந்து சேரும் வரிசையில், அல்லது கம்பியே இல்லாத ஓரிடத்தில். அந்தக் கடைசி இடம், கார்டுக்குக் கணினி ஒதுக்கித் தர வேண்டிய முகவரிப் பரப்பு. இந்த மூன்றையும் சரியாகக் கையாண்டுவிட்டால் வேகக் கணக்கு எளிது.

1983லேயே வந்த பிரச்சினை

ஐபிஎம் பிசியில் ஸ்லாட்டுகள் ஐந்துதான். அது போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1983இல் எக்ஸ்டி மாடலோடு 5161 என்ற விரிவாக்கப் பெட்டியை ஐபிஎம் கொண்டுவந்தது. கணினிக்குள் ஒரு கார்டு, வெளிப்பெட்டிக்குள் ஒரு கார்டு, நடுவில் ஒரு தடித்த கேபிள். இரண்டு கார்டுகளிலும் இருந்தவை சிக்னலுக்கு வலுவூட்டும் பஃபர் சிப்புகள். கார்டுகளுக்குத் தரவு கொண்டுபோகும் பொதுக் கம்பித் தொகுப்பான பஸ்ஸின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்தான். அந்த வேகத்துக்கே கேபிளில் ஆகும் தாமதத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. வெளிப்பெட்டியில் இருக்கும் மெமரியைத் தொடும்போதெல்லாம் செயலி ஒரு துடிப்பு காத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். எந்த முகவரியிலிருந்து அப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கார்டிலிருந்த குட்டி சுவிட்சுகளில் கையால் அமைக்க வேண்டும். அந்த சுவிட்சைத் தவறாக வைத்தால் கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. சிக்னல், மின்சாரம், முகவரி என்ற மூன்று கவலைகளும் அன்றே இருந்தன.

பின்னால் வந்த பிசிஐ பஸ்ஸில் சிக்கல் கூடியது. எல்லாக் கார்டுகளும் ஒரே கம்பிக் கூட்டத்தில் இணையாகத் தொங்கின. 33 மெகாஹெர்ட்ஸில் ஒரு பஸ் தாங்கக்கூடியது ஏறத்தாழ பத்து மின்சுமைகள். மதர்போர்டில் சாலிடர் செய்த சிப் ஒரு சுமை, செருகும் கார்டு இரண்டு சுமை என்று கணக்கு. ஆகவே வெளியே கொண்டுபோக நடுவில் ஒரு பிரிட்ஜ் சிப் வைத்து, அதற்கு அப்பால் புதிதாக ஒரு பஸ்ஸைத் தொடங்க வேண்டியிருந்தது. 2003இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது இந்தக் கூட்டுக்குடித்தனம் முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு இணைப்பும் இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் ஓடும் தனி வழி. கேபிளில் நீட்டுவதற்கு இயல்பாகவே ஏற்ற அமைப்பு இது. பிசிஐ எக்ஸ்பிரஸை வெளிக் கேபிளில் கொண்டுபோவதற்கென்றே 2007இல் ஒரு தரநிர்ணயம் வெளியானது. அது தொழிற்கூடக் கருவிகளோடு நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு வந்தவை வேறு வழிகள்.

கேபிளுக்குள் பிட்டுகள் எப்படி நிற்கின்றன

மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்கு 8 ஜிகாபிட் அனுப்புகிறது. ஒரு பிட் கம்பியில் இருக்கும் நேரம் 125 பிக்கோவிநாடி. நல்ல கேபிளில் மின்சைகை ஒரு நானோவிநாடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால், ஒரு பிட் கம்பியில் அடைத்துக்கொள்ளும் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு மீட்டர் கேபிளில் எந்தக் கணத்திலும் 40 பிட்டுகள் ரயில் பெட்டிகளைப் போல வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நான்காம் தலைமுறையில் அந்த நீளமும் பாதியாகிவிடும்: ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு ஒரு பிட்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். நீளத்தால் வரும் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு மீட்டருக்கு 5 நானோவிநாடிதான். ஆனால் பிட்டின் உருவம் சிதைவது பெரிய கவலை. ஒவ்வொரு கனெக்டரிலும், சாலிடர் முனையிலும் சைகையின் ஒரு பங்கு எதிரொலித்துத் திரும்பி, அடுத்தடுத்த பிட்டுகளின் மேல் படிகிறது. ஜோடியில் உள்ள இரண்டு கம்பிகளில் ஒன்று சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே பிட்டின் கணிசமான பகுதி கலங்கிவிடும். அதனால்தான் கேபிளின் நீளத்தைவிட, வழியில் எத்தனை இணைப்புகள் என்பது பல சமயம் முக்கியமாகிறது. 30 சென்டிமீட்டர் நீட்டிப்பு ஒன்றோடு இன்னொன்றைச் செருகி 60 ஆக்குவதைவிட, ஒரே துண்டாக 60 சென்டிமீட்டர் கேபிள் வாங்குவது மேல்.

தேய்மானத்துக்குக் கணக்கு உண்டு. அனுப்பும் சிப்பிலிருந்து வாங்கும் சிப் வரை, நான்காம் தலைமுறையில் 8 கிகாஹெர்ட்ஸில் மொத்த இழப்பு ஏறத்தாழ 28 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் 16 கிகாஹெர்ட்ஸில் 36 டெசிபல். மதர்போர்டு, ஸ்லாட், கார்டு எல்லாமாகச் சேர்ந்தே இந்த ஒதுக்கீட்டில் பெரும்பங்கைச் செலவழித்துவிடும். கேபிளுக்குக் கிடைப்பது மிச்சம்தான். செயலியிலிருந்து தொலைவில், போர்டின் கீழ்முனையில் இருக்கும் ஸ்லாட்டிலிருந்து நீட்டினால் அந்த மிச்சமும் குறையும்.

தட்டையான, ஷீல்டு இல்லாத பழைய ரிப்பன் நீட்டிப்புகள் முதல் இரண்டு தலைமுறைகளின் வேகத்தில் ஒப்பேறும். மூன்றாம் தலைமுறைக்கு மேல் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஷீல்டு உள்ள கேபிளே வேண்டும். அதுவும் போதாதபோது இரண்டு வகைச் சிப்புகள் உதவுகின்றன. ரீடிரைவர், வரும் சைகையைப் பெருக்கி அனுப்பும்; இரைச்சலும் கூடவே பெருகும். ரீடைமர், வரும் பிட்டுகளைப் படித்துப் புரிந்துகொண்டு புதிதாக எழுதி அனுப்பும். விலை கூடினாலும் நான்காம் தலைமுறையில் ஒரு மீட்டரைத் தாண்டுவதற்கு ரீடைமர்தான் நம்பத்தக்கது. 2024இல் வெளியான காப்பர்லிங்க் தரநிர்ணயம் ஐந்தாம், ஆறாம் தலைமுறை வேகங்களுக்குப் பெட்டிக்குள் ஒரு மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்று எல்லை வகுத்திருக்கிறது. செம்பில் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

சில்லறைக் கம்பிகள்

ஸ்லாட் தரும் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதைக் கார்டுக்குக் கொண்டுபோகாமல், வெளிப்பெட்டியில் தனியாக ஒரு கிரிஸ்டலை வைத்தால் என்ன என்று தோன்றும். இரண்டு பக்கமும் நிலையான கிளாக்காக இருந்தால், வித்தியாசம் இரண்டு பக்கமும் பத்து லட்சத்துக்கு 300 என்ற வரம்புக்குள் இருக்கும்வரை அது நடக்கும். ஆனால் பெரும்பாலான மதர்போர்டுகள் ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காகக் கிளாக்கின் வேகத்தை வேண்டுமென்றே அரை சதவீதம் வரை கீழ்நோக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும். அரை சதவீதம் என்றால் பத்து லட்சத்துக்கு 5000. அசையாத கிரிஸ்டலை வைத்திருக்கும் மறுமுனை இந்த ஆட்டத்தைத் தொடர முடியாமல் தவறவிடும். லிங்க், அதாவது இரு முனைகளுக்கிடையிலான இணைப்பு, ஏறும், விழும், மறுபடி ஏறும். கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸில் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்ற அமைப்பை அணைத்தவுடன் இந்தத் தொல்லை மறைந்தால், கிளாக் கேபிள் வழியே வரவில்லை என்று பொருள். கிளாக் ஜோடியையும் சேர்த்துக் கொண்டுவரும் கேபிளே நல்லது.

சேமிப்பகத்தைச் செருகும் சிறிய எம்.2 ஸ்லாட்டிலிருந்து நீட்டும்போது இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே கார்டு ஒரு முனையைக் கிரவுண்டுக்கு இழுத்து, எனக்குக் கிளாக் வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மதர்போர்டு கிளாக்கை அனுப்பாது. நல்ல அடாப்டர் இந்த முனையைத் தானே கிரவுண்டோடு கட்டிவிடும். கார்டின் மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் கணினியில் கார்டின் தடயமே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

ரீசெட் முனையின் வேலை நேரக்கணக்கு. கார்டுக்கு மின்சாரம் வந்து நிலைத்த பிறகு குறைந்தது 100 மில்லிவிநாடி ரீசெட்டிலேயே வைத்திருக்க வேண்டும். விடுவிப்பதற்கு முன் கிளாக்கும் நிலைபெற்றிருக்க வேண்டும். கேஸுக்குள் எல்லாமே ஒரே பவர் சப்ளையிலிருந்து வருவதால் இந்த வரிசை தானாக அமைகிறது. வெளிப்பெட்டிக்குத் தனி சப்ளை கொடுத்தவுடன் வரிசை நம் கைக்கு வந்துவிடுகிறது. கணினியை முதலில் போட்டு, பிறகு வெளி சப்ளையைப் போட்டால், ரீசெட் விடுவிக்கப்பட்ட கணத்தில் கார்டு உயிரில்லாமல் கிடந்திருக்கும். இணைப்பின் முதல் வேலையே மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்று தொட்டுப் பார்ப்பதுதான். அனுப்பும் சிப் கம்பியில் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தி, அது ஏறும் நேரத்தை அளக்கும். மறுமுனையில் 50 ஓம் தடை இருந்தால் மெதுவாக ஏறும். வெறுங்கம்பி என்றால் சட்டென்று ஏறிவிடும். பயாஸ் தன் கணக்கெடுப்பை முடிக்கும்வரை மறுமுனை வெறுமையாகவே இருந்தால், அந்த ஸ்லாட்டையே மூடிவிடும் மதர்போர்டுகளும் உண்டு. ஆகவே எப்போதும் வெளிப்பெட்டி முதலில், கணினி பிறகு. அணைக்கும்போது கணினி முதலில், வெளிப்பெட்டி பிறகு.

மின்சாரம்

கருகிப்போகும் அமைப்புகள் கருகுவது இங்கேதான்.

நீண்ட ஸ்லாட் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு 75 வாட் வரை தரலாம்: 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், மீதி 3.3 வோல்ட்டில். கார்டின் மேல்முனையில் இருக்கும் 6 முனை கனெக்டர் இன்னொரு 75 வாட்டும், 8 முனை கனெக்டர் 150 வாட்டும் தரும். எம்.2 ஸ்லாட்டில் 12 வோல்ட்டே கிடையாது, 3.3 மட்டும்தான். எனவே எம்.2விலிருந்து நீட்டினால் கார்டின் மின்சாரம் முழுவதும் வெளியிலிருந்தே வர வேண்டும்.

ஒரு லேன் மட்டும் உள்ள, யுஎஸ்பி 3 கேபிளைப் பயன்படுத்தும் மலிவான ரைசர்களை, அதாவது ஸ்லாட்டை நீட்டும் அடாப்டர்களை, எடுத்துக்கொள்வோம். கேபிள் யுஎஸ்பி வடிவில் இருந்தாலும் உள்ளே ஓடுவது யுஎஸ்பி அல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒரு லேனும் கிளாக்கும் ரீசெட்டும்தான் அந்தக் கம்பிகளில் போகின்றன. அதைக் கணினியின் உண்மையான யுஎஸ்பி போர்ட்டில் செருகவே கூடாது. இரு பக்கச் சிப்புகளும் பழுதாகலாம். இந்த ரைசர்களோடு, ஹார்டு டிஸ்குகளுக்கான சாட்டா மின்கனெக்டரை 6 முனையாக மாற்றும் சிறு கம்பி ஒன்றும் சேர்ந்து வருவதுண்டு. சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், முனைக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். ஸ்லாட் வழியே கார்டு கேட்கக்கூடியதோ 66 வாட். வரம்பைத் தாண்டிய மின்னோட்டம் அந்த மெல்லிய முனைகளில் மணிக்கணக்கில் ஓடும்போது முனை சூடாகும். சூட்டில் பிளாஸ்டிக் இளகும். முனைகள் நகர்ந்து 12 வோல்ட் பக்கத்திலுள்ள கிரவுண்டைத் தொடும். கனெக்டரின் பழுப்பு நிறமும் கருகிய வாடையும் அதற்கு முந்தைய எச்சரிக்கைகள். அந்த மாற்றுக் கம்பியைப் பயன்படுத்தாமல், பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் 6 முனைக் கம்பியை ரைசரில் செருகுவதே சரி.

இரண்டு சப்ளைகள் இருக்கும் அமைப்பில் கிரவுண்டு பொதுவாக இருக்க வேண்டும். 12 வோல்ட் ஒருபோதும் பொதுவாக இருக்கக் கூடாது. மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து வரும் 12 வோல்ட்டும் வெளி சப்ளையின் 12 வோல்ட்டும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். இரண்டையும் கம்பியில் இணைத்தால் அதிகமானது குறைந்ததற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். அணைந்திருக்கும் கணினிக்குள் வெளி சப்ளை மின்சாரத்தைப் புகுத்தவும் செய்யும். நல்ல நீட்டிப்பில் ஸ்லாட்டின் 12 வோல்ட் முனைகள் கேபிளோடு வெட்டப்பட்டிருக்கும். வாங்கிய கேபிளில் அப்படி இருக்கிறதா என்பதை மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம்: ஸ்லாட்டில் செருகும் பக்கத்தின் முதல் மூன்று முனைகளில் ஒரு குச்சியும், மறுபக்கத்தின் அதே முனைகளில் மற்றதும். ஒலி வந்தால் அந்தக் கேபிளை தனி சப்ளையோடு பயன்படுத்தக் கூடாது. கிரவுண்டு முனைகளில் ஒலி வந்தே ஆக வேண்டும்.

எர்த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எர்த் இணைக்காத பவர் சப்ளையின் உலோக உடல், உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகளால், மெயின்ஸ் மின்னழுத்தத்தில் பாதியளவில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் கேபிளைச் செருகும் கணத்தில் முதலில் தொடும் முனை ஒரு தரவு முனையாக இருந்துவிட்டால் சிப்புக்கு அது போதும். கணினியையும் வெளிப்பெட்டியையும் எர்த் உள்ள ஒரே பவர் ஸ்டிரிப்பில் இணைத்து, சுவிட்சுகளை அணைத்து வைத்துவிட்டு, அதன்பின் சிக்னல் கேபிளைச் செருக வேண்டும்.

வெளி சப்ளையைக் கணினியோடு சேர்ந்து இயங்க வைக்க வேண்டுமென்றால், ஏடிஎக்ஸ் சப்ளையின் 24 முனை கனெக்டரில் 16வது முனையான பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு சேர்த்தால் சப்ளை இயங்கும். நல்ல வெளிப்பலகைகளில் இதை ஒரு சுவிட்சோ, கணினியிலிருந்து கேபிள் வழியே வரும் சைகையோ செய்யும். சப்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது கார்டின் சராசரி வாட்டைப் பார்த்து வாங்கக் கூடாது. பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லிவிநாடி அளவில் அதைவிட வெகுவாக உயர்ந்த உச்சங்களை இழுக்கும். வாட் பொருந்தி நிற்கும் சப்ளை அந்தக் கணத்தில் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். 300 வாட் கார்டுக்கு 550 வாட்டுக்குக் குறையாத சப்ளை வேண்டும்.

எம்.2விலிருந்து ஓகுலிங்க் வழியாக

இன்று கையில் இருக்கும் வழிகளில் கேபிளில் பிசிஐ எக்ஸ்பிரஸை அப்படியே, எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் கொண்டுபோவதில் ஓகுலிங்க் என்ற கேபிள் இணைப்பு எளிமையானது. நான்கு லேன், நான்காம் தலைமுறையில் விநாடிக்கு 64 ஜிகாபிட், அதாவது சுமார் 7.9 கிகாபைட். தேவைப்படுபவை நான்கு: எம்.2 ஸ்லாட்டில் பொருந்தும் அடாப்டர், அரை மீட்டர் கேபிள், நீண்ட ஸ்லாட் உள்ள வெளிப்பலகை, ஏடிஎக்ஸ் சப்ளை.

எந்த எம்.2 ஸ்லாட் என்பதை மதர்போர்டின் கையேட்டில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். செயலியோடு நேரே இணைந்த ஸ்லாட் சிறந்தது. சிப்செட் வழியாகப் போகும் ஸ்லாட்டானால், சேமிப்பகம், நெட்வொர்க், யுஎஸ்பி எல்லாவற்றோடும் ஒரே மேல்வழியைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சில எம்.2 ஸ்லாட்டுகளில் சாட்டா மட்டுமே வரும், அவை உதவாது. அடாப்டரைச் செருகியதும் திருகைப் போட மறக்கக் கூடாது. கேபிளின் எடை இழுத்தால் அடாப்டர் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு, நான்கு லேனில் இரண்டோ ஒன்றோ மட்டும் தொடும். அப்போதும் கார்டு வேலை செய்யும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கிடைத்த லேன்களோடு சமாதானமாகிவிடும். வேகம் மட்டும் பாதியாகியிருக்கும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் அலைய விடும் கோளாறு இது. எம்.2 கனெக்டர் சுமார் 60 முறை செருகிக் கழற்றத்தான் வடிவமைக்கப்பட்டது. ஆகவே அடாப்டரை ஒருமுறை பொருத்திவிட்டு, கழற்றி மாட்டும் வேலையைக் கேபிள் முனையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை இயக்கும் முன் பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவில் விடாமல் மூன்றாம் தலைமுறைக்கு இறக்கி வைப்பது நல்லது. அதில் எல்லாம் சீராக ஓடுவது உறுதியானபின் நான்குக்கு ஏற்றலாம். ஏற்றியபின் தொல்லை வந்தால் பழி கேபிளின்மேல்தான் என்று தெளிவாகத் தெரியும். ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். லிங்க் தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் நீண்ட கேபிளில் தடுமாற வாய்ப்பிருக்கிறது. ஓகுலிங்க் கேபிளைக் கணினி ஓடும்போது பிடுங்குவதும் செருகுவதும் வேண்டாம். வீட்டு மதர்போர்டுகள் அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை.

தண்டர்போல்ட்: வசதிக்குக் கொடுக்கும் விலை

ஓடும்போதே செருகிக் கழற்ற வேண்டுமென்றால் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4. இங்கே பிசிஐ எக்ஸ்பிரஸ் பொட்டலங்கள் இன்னொரு பொட்டலத்துக்குள் ஏறிப் பயணம் செய்கின்றன. கிளாக், ரீசெட் எதுவும் கேபிளில் தனியாகப் போக வேண்டாம். வெளிப்பெட்டியின் கட்டுப்பாட்டுச் சிப் அவற்றைத் தன் பக்கத்திலேயே உருவாக்கிக்கொள்ளும். மேலே சொன்ன சில்லறைக் கம்பித் தொல்லைகள் அனைத்தும் இதனால் போய்விடுகின்றன. பதிலுக்கு வேகம் குறைகிறது. 2015இல் வந்த தண்டர்போல்ட் 3இன் 40 ஜிகாபிட்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவுக்கு நடைமுறையில் கிடைப்பது 22 அளவில்தான். சில மடிக்கணினிகளில் அந்தச் சிப்புக்கே இரண்டு லேன் மட்டும் கொடுத்திருப்பார்கள்; அங்கே இன்னும் குறையும். 2020இல் வந்த தண்டர்போல்ட் 4, பிசிஐ எக்ஸ்பிரஸுக்குக் குறைந்தது 32 ஜிகாபிட் என்று கட்டாயமாக்கியது. தண்டர்போல்ட் 5இல் அது 64.

மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே வெளி கிராபிக்ஸ் கார்டின் படத்தைப் பார்த்தால், வரைந்து முடித்த ஒவ்வொரு பிரேமும் அதே கேபிளில் திரும்பி வர வேண்டும். மானிட்டரை நேரே கார்டில் செருகுவது இந்தச் சுமையை நீக்கும். செலவில்லாமல் கிடைக்கும் வேகம் அது.

குறுகிய வழி எல்லா வேலைக்கும் ஒரே அளவு இடைஞ்சல் தருவதில்லை. ஒருமுறை தரவை ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் கார்டுக்குள்ளேயே கணக்குப் போடும் பணிகளுக்கு நான்கு லேன் தாராளம். ஒலிப்பதிவுக் கார்டுகளுக்கு ஒரு லேனே மிச்சம். அங்கே கவனிக்க வேண்டியது தாமதம். கார்டின் மெமரி போதாமல் கணினியின் மெமரியிலிருந்து ஓயாமல் இழுக்கும் வேலைகள்தான் குறுகிய வழியில் திணறும். அவற்றுக்கு வேகமான கேபிளைவிட அதிக மெமரி உள்ள கார்டு நல்ல மருந்து.

முகவரி கிடைக்காமல் நிற்கும் கார்டு

கேபிள் நன்றாக இருக்கிறது, லிங்க் ஏறிவிட்டது, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டு பெயரோடு தெரிகிறது. பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், கோடு 12 என்ற பிழை எண். போதுமான வளங்கள் இல்லை என்று பொருள். கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பலர்; இதற்கும் கேபிளுக்கும் தொடர்பே இல்லை.

ஒவ்வொரு கார்டும் தன் ரெஜிஸ்டர்களையும் மெமரியையும் செயலி தொடுவதற்கு முகவரிப் பரப்பில் இடம் கேட்கிறது. கிராபிக்ஸ் கார்டு ஒன்று வழக்கமாக 256 மெகாபைட் ஒரு துண்டாகவும், 16 அல்லது 32 மெகாபைட் இன்னொரு துண்டாகவும் கேட்கும். இந்தப் பெரிய துண்டை விரிக்கும் ரீசைசபிள் பார் என்ற வசதி இயங்கினால் கார்டின் மெமரி முழுவதற்கும் இடம் கேட்கும்; 16 கிகாபைட் கார்டுக்கு 16 கிகாபைட் முகவரி. பெரிய துண்டு 4 கிகாபைட் எல்லைக்கு மேலே போகலாம். சிறிய துண்டு கீழேதான் இருக்க வேண்டும். ஏனென்றால் இடையிலுள்ள பிரிட்ஜ்கள் அந்த வகைப் பரப்பை 32 பிட் முகவரியில் மட்டுமே கடத்தும். கீழே இருக்கும் அந்த நெருக்கடியான பகுதியில் மதர்போர்டின் எல்லா உறுப்புகளும் ஏற்கெனவே குடியிருக்கின்றன.

கார்டு கேஸுக்குள் இருந்தபோது வராத சிக்கல் வெளியே வந்ததும் வருவதற்குக் காரணம், கணினியைப் போடும்போது கார்டு இல்லாமல் பிறகு வந்து சேர்வது. பயாஸ் ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் முகவரிப் பரப்பில் ஒரு பகுதியை, அதாவது ஒரு சாளரத்தை, ஒதுக்கி முடித்திருக்கும். ஒன்றுமே இல்லாத தண்டர்போல்ட் போர்ட்டுக்கு அது சிறிதாக ஒதுக்கியிருந்தால், பின்னால் வரும் பெரிய கார்டு அதற்குள் நுழையாது. இருபுறமும் வேறு சாளரங்கள் இருப்பதால் விரிக்கவும் முடியாது. தீர்வை இந்த வரிசையில் தேடலாம்: பயாஸில் 4 கிகாபைட்டுக்கு மேல் முகவரி ஒதுக்கும் அமைப்பை இயக்குவது, வெளிப்பெட்டியை இணைத்து வைத்தே கணினியைத் தொடங்குவது, பயன்படுத்தாத உள் உறுப்புகளை பயாஸில் அணைப்பது. லினக்ஸில் சாளரங்களை இயங்குதளத்தின் மையமான கர்னலே மறுபடி பங்கிடும்படி பூட் வரியில் கேட்கலாம்; ஓடும்போதே செருகக்கூடிய ஹாட்பிளக் போர்ட்டுகளுக்குக் கூடுதல் பரப்பை முன்பதிவு செய்யவும் வழி உண்டு.

பல கார்டுகளை ஒரே வெளிப்பெட்டியில் வைக்கும்போது உள்ளே ஒரு சுவிட்ச் சிப் இருக்கும். அது மேல்வழியின் வேகத்தை அதிகரிக்காது, பகிர்ந்தளிக்கும். சுவிட்சின் ஒவ்வொரு கிளையும் ஒரு பிரிட்ஜ். பழைய வகை உள்ளீட்டு முகவரிப் பரப்பு மொத்தமே 64 கிலோபைட். பிரிட்ஜுக்குக் குறைந்தது 4 கிலோபைட் என்றால் 16 பிரிட்ஜோடு தீர்ந்துவிடும். நிறையக் கிளைகளுள்ள பெட்டிகளில் சில கார்டுகள் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவிட்ச் இல்லாத மலிவான நான்கு கிளைப் பலகைகளுக்கோ, 16 லேனை நான்கு நான்காகப் பிரிக்கும் வசதி மதர்போர்டின் பயாஸிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கார்டு மட்டுமே தெரியும்.

கேபிள் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

கார்டு இயங்குவது மட்டும் சான்றாகாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 32 பிட் சரிபார்ப்பு எண் சேர்த்து அனுப்புகிறது. தவறாக வந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. மோசமான கேபிள் இந்த மறு அனுப்புதலின் பின்னால் நெடுநாள் ஒளிந்திருக்கும். வேகம் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஒலியில் வெட்டு விழும், எப்போதாவது கணினி உறையும்.

லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வெளியீட்டோடு இயக்கினால், ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு வரிகள் கிடைக்கும்: லிங்க்கின் திறன், லிங்க்கின் இப்போதைய நிலை. லேனுக்கு விநாடிக்கு 16 ஜிகாபிட் திறன், நிலை 8 என்றால் வேகம் இறங்கியிருக்கிறது. திறனில் நான்கு லேன், நிலையில் இரண்டு என்றால் எங்கோ தொடுமுனை சரியில்லை. கிராபிக்ஸ் கார்டுகள் சும்மா இருக்கும்போது தாமே வேகத்தை இறக்கிக்கொள்ளும் என்பதால், கார்டுக்கு வேலை கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸில் கார்டின் விவரம் காட்டும் கருவிகளிலும் இதே இரண்டு எண்கள் தெரியும்.

அடுத்தது பிழைக் கணக்கு. திருத்தப்பட்ட பிழைகளைக் கர்னல் எண்ணி வைத்திருக்கிறது. சிஸ்டம் பதிவேட்டிலும் எழுதுகிறது. பூஜ்யம்தான் வேண்டும் என்பதில்லை. தரநிர்ணயம் ஒரு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை வரை அனுமதிக்கிறது. மூன்றாம் தலைமுறையில் நான்கு லேன் விநாடிக்கு 32 ஜிகாபிட் ஓடும்போது அது ஒரு திசையில் சுமார் 31 விநாடிக்கு ஒன்று. நல்ல கேபிளில் நாள் முழுக்க ஓட்டினாலும் எண்ணிக்கை அசையாது. விநாடிக்குப் பத்து, நூறு என்று ஏறினால் கேபிளையோ கனெக்டரையோ மாற்ற வேண்டும், அல்லது ஒரு தலைமுறை கீழே இறங்க வேண்டும். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே கேபிளின் முனையை விரலால் மெல்ல அசைத்துப் பார்ப்பது, மடிப்பில் முறிந்த ஜோடியைக் கண்டுபிடிக்க விரைவான வழி. கேபிளை மடித்துக் கட்டிப் போடுவது அந்த முறிவுக்கு முதல் காரணம். வளைவின் ஆரம் கேபிளின் தடிமனைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும்.

இணைப்பு முற்றிலும் அறுந்துபோனால் அடையாளம் வேறு. இல்லாத கார்டைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்று திரும்பி வரும். பதிவேட்டில் எஃப் எழுத்துகள் நிறைந்த மதிப்புகளைப் பார்த்தால் டிரைவரையோ கார்டையோ குறை சொல்ல வேண்டாம். அந்தக் கணத்தில் கார்டு அங்கே இல்லை: மின்சாரம் போயிருக்கலாம் அல்லது லிங்க் விழுந்திருக்கலாம். கார்டின் மின்விசிறி அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தால் சிக்னல் கேபிள் பக்கம். நின்றுவிட்டிருந்தால் சப்ளை பக்கம்.

வெளியே வந்த ஸ்லாட்டில் பாதுகாப்புச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு செயலியைக் கேட்காமலேயே கணினியின் மெமரியைப் படிக்கவும் எழுதவும் வல்லது. கேஸுக்குள் இருக்கும் கார்டுக்கு அந்த உரிமை கொடுப்பது வேறு. மேசையின் ஓரத்தில் யாரும் செருகக்கூடிய போர்ட்டுக்குக் கொடுப்பது வேறு. ஐஓஎம்எம்யு என்ற காவல், கார்டுக்கு அனுமதித்த பக்கங்களை மட்டும் திறந்துவிடும். பயாஸில் அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோடு 12ஐத் தீர்க்கும் அவசரத்தில் அதையும் சேர்த்து அணைத்திருந்தால், வேலை முடிந்ததும் மறுபடி இயக்கிவிட வேண்டும்.